விகிதக் கணக்கில் விடை தப்புகிறதா? தப்பான விடையை வைத்தே பிழையைப் பிடிக்கலாம்

விகிதக் கணக்கில் மதிப்பெண் இழப்பவர்களின் ரஃப் தாளைப் பார்த்திருக்கிறேன். பெருக்கல் சரியாக இருக்கும், வகுத்தல் சரியாக இருக்கும், விடை மட்டும் தப்பாக இருக்கும். காரணம் பெரும்பாலும் முதல் வரியிலேயே இருக்கிறது. எந்த எண்ணை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில் சறுக்கிவிட்டால், அதன்பின் எவ்வளவு கவனமாகக் கணக்குப் போட்டும் பயனில்லை.

நல்லவேளையாக, இந்தப் பிழைகள் ஒவ்வொன்றும் விடையில் தன் தடயத்தை விட்டுவிட்டுத்தான் போகின்றன. அதனால் இங்கே சூத்திரங்களிலிருந்து தொடங்காமல் அறிகுறிகளிலிருந்து தொடங்குகிறேன். உங்களுக்கு எது அடிக்கடி நடக்கிறதோ, நேரே அந்த இடத்துக்குப் போய்விடலாம்.

அதற்கு முன் ஒன்றை மட்டும் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். 3 : 5 என்று எழுதினால் 3-உம் 5-உம் அளவுகள் அல்ல, பங்குகளின் எண்ணிக்கை. எல்லாப் பங்கும் ஒரே அளவு. அந்த ஒரு பங்கு எவ்வளவு என்பதைத்தான் கேள்வி மறைத்து வைத்திருக்கிறது. கீழே வரும் பிழைகளில் பாதிக்கு மேல், ஒரு பங்கின் அளவைத் தப்பாக எடுத்ததால் வருபவைதான்.

அறிகுறி: சிறிய பங்குக்காரருக்குப் பெரிய தொகை வருகிறது

640-ஐ 3 : 5 என்று பிரிக்கச் சொல்கிறார்கள். 640-ஐ 3/5-ஆல் பெருக்கினால் 384. மீதி 256. மூன்று பங்கு வாங்குபவருக்கு 384, ஐந்து பங்கு வாங்குபவருக்கு 256. இந்த இடத்தில் கை நின்றுவிட வேண்டும்.

3/5 என்பது முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் உள்ள தொடர்பு. முதலாமவருக்கும் மொத்தத்துக்கும் உள்ள தொடர்பு 3/8. மொத்தம் எட்டுப் பங்கு, ஒரு பங்கு 80, எனவே 240-உம் 400-உம்.

ஆனால் இதையே மனப்பாடமாக்கி, எந்த எண்ணைக் கொடுத்தாலும் எட்டால் வகுப்பது அடுத்த பொறி. கேள்வியில் 640 என்று பார்த்ததும் "இந்த 640 எதனுடையது?" என்று கேளுங்கள். மொத்தம் என்றால் அது 8 பங்கு. இருவருக்கும் உள்ள வித்தியாசம் என்றால் 2 பங்கு, அப்போது ஒரு பங்கு 320. இரண்டாமவருக்குக் கிடைத்தது என்றால் 5 பங்கு, ஒரு பங்கு 128. ஒரே விகிதம், ஒரே எண், மூன்று வேறு விடைகள். ஆப்ஷனில் மூன்றும் இருக்க வாய்ப்புண்டு.

அறிகுறி: விகிதம் பின்னத்தில் இருந்தால் விடை தலைகீழாகிறது

117-ஐ 1/2 : 1/3 : 1/4 என்ற விகிதத்தில் பிரிக்க வேண்டும். அவசரத்தில் மேலே உள்ள 1-களை விட்டுவிட்டு 2 : 3 : 4 என்று எடுத்துக்கொள்கிறோம். மொத்தம் 9 பங்கு, ஒரு பங்கு 13. விடை 26, 39, 52. முழு எண்களாக அழகாக வருகிறது, கூட்டினால் 117-உம் வருகிறது. சந்தேகமே வராது.

ஆனால் 1/2 தான் மூன்றிலும் பெரியது. அதற்கு உரியவருக்கு ஏன் மிகக் குறைவாகக் கிடைத்தது? பகுதிகளான 2, 3, 4 மூன்றுக்கும் மீச்சிறு பொது மடங்கு 12. மூன்று பின்னங்களையும் 12-ஆல் பெருக்கினால் 6 : 4 : 3. மொத்தம் 13 பங்கு, ஒரு பங்கு 9. சரியான விடை 54, 36, 27.

117 என்ற எண்ணைக் கவனித்தீர்களா? அது 9 × 13. சரியான வழியிலும் முழு எண் வரும், தப்பான வழியிலும் முழு எண் வரும். "தசமம் வந்தால் தப்பு" என்ற சோதனை இங்கே நம்மைக் காப்பாற்றாது. யாருக்கு அதிகம், யாருக்குக் குறைவு என்று பார்ப்பதுதான் காப்பாற்றும்.

இதே பிழை வேறு உடையிலும் வரும். "அ-வின் 2 மடங்கும் ஆ-வின் 3 மடங்கும் இ-யின் 4 மடங்கும் சமம்" என்பார்கள். இங்கேயும் அ : ஆ : இ என்பது 6 : 4 : 3 தான். போட்டுப் பாருங்கள்: 6 × 2, 4 × 3, 3 × 4, மூன்றும் 12.

அறிகுறி: விடை நம்பமுடியாத அளவுக்குப் பெரிதாக இருக்கிறது

அலகைப் பாருங்கள். 40 செ.மீ-க்கும் 2 மீட்டருக்கும் உள்ள விகிதம் 20 : 1 அல்ல, 40 : 200, அதாவது 1 : 5. 45 நிமிடத்துக்கும் 2 மணி நேரத்துக்கும் 3 : 8. அலகு ஒன்றானபின் விகிதத்துக்கு அலகே கிடையாது. வரிசையையும் ஒருமுறை சரிபாருங்கள். "ஆ-வுக்கும் அ-வுக்கும்" என்று கேட்டிருக்கும்போது அ-வை முதலில் எழுதிவிடுவது சகஜம்.

அறிகுறி: இரண்டு விகிதங்களை இணைத்தால் நடுவில் உள்ளவர் இடிக்கிறார்

அ : ஆ = 2 : 3. ஆ : இ = 4 : 5. அப்படியானால் அ : ஆ : இ என்ன? 2 : 3 : 5 என்பார் ஒருவர், 2 : 4 : 5 என்பார் இன்னொருவர். முதல் விடையில் ஆ-வுக்கும் இ-க்கும் 3 : 5 ஆகிவிட்டது. இரண்டாவதில் அ-வுக்கும் ஆ-வுக்கும் 1 : 2 ஆகிவிட்டது.

சிக்கல் ஆ-விடம் இருக்கிறது. முதல் விகிதத்தில் ஆ 3 பங்கு, இரண்டாவதில் அதே ஆ 4 பங்கு. ஆள் மாறவில்லை, பங்கின் அளவுதான் மாறியிருக்கிறது. இரண்டு இடத்திலும் ஆ-வை 12 ஆக்குங்கள். முதல் விகிதம் 8 : 12, இரண்டாவது 12 : 15. இப்போது சேர்த்து எழுதலாம்: 8 : 12 : 15.

இங்கேயே கொஞ்சம் நில்லுங்கள். அ-வுக்கும் இ-க்கும் நேரடியாக என்ன விகிதம்? 8 : 15. அந்த 8 எங்கிருந்து வந்தது? 2 × 4. 15? 3 × 5. முன்னுறுப்புகளின் (விகிதக் குறிக்கு முன்னால் உள்ள எண்களின்) பெருக்கலும் பின்னுறுப்புகளின் (பின்னால் உள்ளவற்றின்) பெருக்கலும். கூட்டு விகிதம் என்பது இதுதான். ஆ என்ற நடுவர் வழியாக அ-விலிருந்து இ-க்குப் போனால் கிடைப்பது. சங்கிலி நீண்டாலும் அதேதான்: மேலே சொன்னவற்றோடு இ : ஈ = 6 : 7 என்று சேர்ந்தால், அ : ஈ என்பது 48 : 105, சுருக்கினால் 16 : 35.

அறிகுறி: கூட்டு விகிதம் கேட்டாலே விடை தப்புகிறது

2 : 3-க்கும் 4 : 5-க்கும் கூட்டு விகிதம் காண்க. ரஃப் தாளில் 6 : 8 என்று எழுதி, அதைச் சுருக்கி 3 : 4 என்று வட்டமிட்டு வைத்திருந்தார் ஒரு மாணவி. பக்கத்தில் சின்னதாக "2+4, 3+5". அவரைக் குறை சொல்ல மாட்டேன். "கூட்டு" என்ற சொல்தான் அவரைக் கூட்டவைத்தது. கூட்டு வட்டியில் நாம் கூட்டுவதில்லை, ஆண்டுக்கு ஆண்டு பெருக்கிக்கொண்டு போகிறோம். கூட்டு விகிதத்திலும் அப்படித்தான்.

கூட்டினால் ஏன் தப்பு என்பதை அவருக்கு இப்படிக் காட்டினேன். 2 : 3-உம் 4 : 6-உம் ஒரே விகிதம், இல்லையா? அப்படியானால் எதைப் பயன்படுத்தினாலும் ஒரே விடை வர வேண்டும். 2 : 3-ஓடு 4 : 5-ஐக் கூட்டினால் 6 : 8. 4 : 6-ஓடு கூட்டினால் 8 : 11. இரண்டும் ஒன்றல்ல. பெருக்கிப் பாருங்கள்: 8 : 15, அடுத்தது 16 : 30, அதுவும் 8 : 15 தான். எந்த உருவில் எழுதினாலும் மாறாமல் நிற்கும் வழியைத்தான் நம்பலாம்.

படமாகப் பார்க்க விரும்புபவர்களுக்குக் கட்டம் போட்ட தாள் போதும். 2 கட்ட நீளம், 4 கட்ட அகலத்தில் ஒரு செவ்வகம் வரையுங்கள். பக்கத்தில் 3 கட்ட நீளம், 5 கட்ட அகலத்தில் இன்னொன்று. நீளங்கள் 2 : 3, அகலங்கள் 4 : 5. உள்ளே இருக்கும் கட்டங்களை விரல் வைத்து எண்ணுங்கள். ஒன்றில் 8, மற்றதில் 15. யூக்ளிட் தன் நூலின் ஆறாம் பாகத்தில் 23-ஆவது தேற்றமாக இதைத்தான் இணைகரங்களுக்குச் சொன்னார்: சம கோணங்கள் கொண்ட இரு இணைகரங்களின் பரப்புகள், பக்கங்களின் கூட்டு விகிதத்தில் இருக்கும்.

இன்னொரு வகைக் கேள்வியும் இதே குடும்பம். இரண்டு வகை நாணயங்களின் எண்ணிக்கை 3 : 4, முகமதிப்பு 5 : 2 என்றால் தொகைகளின் விகிதம் 15 : 8. எண்ணிக்கை விகிதத்தையே தொகை விகிதம் என்று எடுத்துக்கொண்டால் கணக்கு அங்கேயே போய்விடும்.

பெருக்கினாலும் விடை தப்புகிறது என்றால், சுருக்கும் இடத்தைப் பாருங்கள். 14 : 15, 25 : 28, 9 : 10 ஆகிய மூன்றின் கூட்டு விகிதம். முழுசாகப் பெருக்கினால் 3150 : 4200, தேர்வு நேரத்தில் அது வேண்டாத பாரம். பெருக்கும் முன்பே அடித்துவிடலாம். ஆனால் ஏதாவது ஒரு முன்னுறுப்பை ஏதாவது ஒரு பின்னுறுப்போடுதான் அடிக்க வேண்டும். 14-ஐ 28-ஓடு அடித்தால் 1, 2. 25-ஐ 10-ஓடு அடித்தால் 5, 2. 9-ஐ 15-ஓடு அடித்தால் 3, 5. மிச்சம் முன்னால் 1 × 5 × 3, பின்னால் 5 × 2 × 2. ஐந்தையும் அடித்தால் 3 : 4. முன்னுறுப்பு இரண்டை ஒன்றோடொன்று அடிப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் ஒரே பக்கம் இருப்பவை, அவற்றைத் தொடாதீர்கள்.

அறிகுறி: இருபடி விகிதம் கேட்டால் கொடுத்த விகிதமே திரும்பி வருகிறது

2 : 3-இன் இருபடி விகிதம் 4 : 6 என்று எழுதினால், அதைச் சுருக்கிப் பாருங்கள். கிளம்பிய இடத்துக்கே வந்துவிட்டீர்கள். இரண்டால் பெருக்குவதல்ல இருபடி, தன்னையே தன்னோடு கூட்டு விகிதமாக்குவது: 4 : 9. மும்முறை செய்தால் முப்படி, 8 : 27. திரும்பி வரும் வழி வர்க்கமூலம்: 16 : 25 என்றால் 4 : 5.

இதை ஜெராக்ஸ் மெஷினில் பார்க்கலாம். ஏ4 தாள் 210 × 297 மில்லிமீட்டர். ஏ3 தாள் 297 × 420. பரப்பில் ஏ3 இரு மடங்கு. ஆனால் ஏ4-ஐ ஏ3-க்குப் பெரிதாக்கும்போது மெஷின் 200% என்று காட்டாது, 141% என்று காட்டும். அது பக்கத்தின் பெருக்கம். பரப்பு விகிதம் 2 : 1 என்றால் பக்க விகிதம் அதன் வர்க்கமூலம், √2 : 1. 420-ஐ 297-ஆல் வகுத்துப் பார்த்தால் ஏறத்தாழ 1.414 வரும்.

தேர்வில் இது பெரும்பாலும் உருவங்களாக வருகிறது. இரு கோளங்களின் கன அளவுகள் 8 : 27, புறப்பரப்புகளின் விகிதம் என்ன? நேரே தாவாதீர்கள். முதலில் ஆரத்துக்கு இறங்குங்கள்: 2 : 3. பிறகு பரப்புக்கு ஏறுங்கள்: 4 : 9.

அறிகுறி: ஆட்களைக் குறைத்தால் நாட்களும் குறைகின்றன

12 பேர் தினம் 8 மணி நேரம் உழைத்து 15 நாளில் முடிக்கும் வேலையை, 10 பேர் தினம் 6 மணி நேரம் உழைத்தால் எத்தனை நாளில் முடிப்பார்கள்? 15 × 10/12 × 6/8 என்று போட்டால் 9.375 நாள். ஆளும் குறைவு, நேரமும் குறைவு, வேலை மட்டும் சீக்கிரம் முடிந்துவிட்டதாம்.

இந்தக் கணக்கில் ஒவ்வொரு பின்னத்தையும் தனித்தனியாக விசாரியுங்கள். ஆள் 12-இலிருந்து 10 ஆனால் நாள் கூடுமா, குறையுமா? கூடும். அப்படியானால் பின்னம் 1-ஐ விடப் பெரிதாக இருக்க வேண்டும்: 12/10. நேரம் 8-இலிருந்து 6 ஆனால்? அதுவும் கூடும்: 8/6. எனவே 15 × 12/10 × 8/6 = 24 நாள். வேலையும் ஒன்றரை மடங்காகிவிட்டது என்றால் அதுவும் நாளைக் கூட்டும், 3/2 சேர்ந்துகொண்டு 36 நாள்.

"நேர் மாறல், எதிர் மாறல்" என்று அம்புக்குறி போட்டுப் பழகியவர்கள் அப்படியே செய்யலாம். அம்பு குழப்பினால், கூடுமா குறையுமா என்ற கேள்வி ஒருபோதும் குழப்பாது. சரிபார்க்க: 12 × 8 × 15 = 1440, 10 × 6 × 24 = 1440. மொத்த உழைப்பு மணி மாறக்கூடாது. தெரிந்த மூன்று எண்களிலிருந்து நான்காவதைக் காணும் முறையை ஆரியபட்டர் 499-இல் எழுதினார். 628-இல் பிரம்மகுப்தர் அதை ஐந்து, ஏழு, ஒன்பது, பதினொன்று எண்கள் வரும் கணக்குகளுக்கு விரித்தார். மேலே போட்டது தெரிந்த ஐந்து எண்கள் கொண்ட கணக்கு, அவர் வழியில் பஞ்சராசிகம்.

அறிகுறி: வயதுக் கணக்கில் ஆண்டுகளை விகிதத்தோடே கூட்டிவிடுகிறேன்

இப்போது 3 : 5, எட்டு ஆண்டுக்குப் பின் என்ன என்றால் 11 : 13 என்று எழுதுவது. 3 என்பது பங்கு, 8 என்பது ஆண்டு. இரண்டையும் கூட்ட முடியாது.

எட்டு ஆண்டுக்குப் பின் 5 : 7 ஆகும் என்று கொடுத்திருந்தால், வயதுகளின் வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். எத்தனை ஆண்டு போனாலும் அது மாறாது. 3 : 5-இல் வித்தியாசம் 2 பங்கு, 5 : 7-இலும் 2 பங்கு. பங்கின் அளவு ஒன்றுதான். 3 பங்கு 5 பங்காக வளர எட்டு ஆண்டு, எனவே ஒரு பங்கு 4 ஆண்டு. வயது 12, 20.

வித்தியாசம் சமமாக இல்லாவிட்டால் முதலில் சமமாக்க வேண்டும், இதை மறப்பவர்கள் அதிகம். இப்போது 1 : 3, பத்து ஆண்டில் 1 : 2. வித்தியாசங்கள் 2, 1. இரண்டாவதை 2 : 4 ஆக்குங்கள். இப்போது 1 பங்கு 2 பங்காகிறது, அந்த ஒரு பங்கே பத்து ஆண்டு. வயது 10, 30. பத்து ஆண்டில் 20, 40.

அறிகுறி: ஒரு பங்கின் மதிப்பு இரண்டு விதமாக வருகிறது

வருமானம் 7 : 5, செலவு 3 : 2, இருவருக்கும் சேமிப்பு தலா 600. ஏழிலிருந்து மூன்றைக் கழித்து 4 பங்கு = 600 என்றால் ஒரு பங்கு 150. ஐந்திலிருந்து இரண்டைக் கழித்து 3 பங்கு = 600 என்றால் 200. இந்த முரண்பாடு உங்கள் நண்பன். வருமானப் பங்கும் செலவுப் பங்கும் வேறு வேறு என்று அது சொல்கிறது. வருமானப் பங்கை வ, செலவுப் பங்கை செ என்று வைத்துக்கொள்ளுங்கள். 7வ − 3செ = 5வ − 2செ, எனவே செ = 2வ. முதலாமவருக்கு 7வ − 6வ = 600, வ = 600. வருமானம் 4200, 3000. செலவு 3600, 2400.

அறிகுறி: கலவையில் கிட்டத்தட்ட சரியான விடை, ஆனால் ஆப்ஷனில் வேறு

ஒரு பாத்திரத்தில் அமிலமும் நீரும் 3 : 1. இன்னொன்றில் 2 : 3. இரண்டிலிருந்தும் சம அளவு எடுத்துக் கலந்தால்? 3 + 2, 1 + 3 என்று கூட்டி 5 : 4 என்பது வழக்கமான தப்பு. முதல் கலவை 4 பங்குகளால் ஆனது, இரண்டாவது 5 பங்குகளால் ஆனது. சம அளவு என்றதால் இரண்டையும் 20 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 15, 5. அடுத்தது 8, 12. கலந்தால் 23 : 17.

5 : 4 என்ற விடை எப்போது சரியாகும் தெரியுமா? முதலாவதிலிருந்து 4 லிட்டரும் இரண்டாவதிலிருந்து 5 லிட்டரும் எடுத்தால். அப்போது ஒரு பங்கு இரண்டிலும் ஒரு லிட்டர், கூட்டுவதில் தவறே இல்லை. கூட்டலுக்கு இடம் உண்டு, பங்கின் அளவு ஒன்றாக இருக்கும்போது மட்டும்.

அறிகுறி: எல்லாம் சரியாக வருகிறது, நேரம்தான் போதவில்லை

எண்ணிப் பார்க்கும் பொருளாக இருந்தால் (ஆட்கள், புத்தகங்கள், நாற்காலிகள்) விகிதத்தின் கூட்டுத்தொகை மொத்தத்தை மீதியின்றி வகுத்தாக வேண்டும். அதற்கு விகிதம் கடைசிவரை சுருக்கப்பட்டிருக்க வேண்டும், 8 : 14 என்று கொடுத்திருந்தால் முதலில் 4 : 7 ஆக்கிக்கொள்ளுங்கள். ஒரு வகுப்பில் இரு பிரிவினர் 4 : 7, மொத்தம் எத்தனை பேர் இருக்கலாம் என்று 85, 99, 104, 120 கொடுத்தால் பேனாவைத் தொட வேண்டாம். 11-ஆல் வகுபடுவது 99 மட்டும்தான். அளந்து பார்க்கும் பொருளுக்கு, லிட்டருக்கோ கிலோவுக்கோ, இதைப் பயன்படுத்தாதீர்கள். அங்கே பங்கு தசமத்திலும் இருக்கலாம்.